புதன்கிழமை வந்த தந்தி

ஸ்பானிஷ் மொழியில் நான் பிழையில்லாமல் சொல்லக் கற்ற முதல் வாக்கியம், 'என் குடையை ரயிலில் விட்டுவிட்டேன்' என்பது. தோல் ஆலை, கார் உதிரிபாகக் கம்பெனி, ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று எங்கெங்கோ இரண்டு பேருக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து காலத்தைக் கழித்துவிட்டேன். அந்த வாக்கியத்துக்கு ஒரு முறைகூடத் தேவை வரவில்லை.

மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் கல்லூரியில் முறையாக மொழி படித்தவர்கள். இலக்கணம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். "உங்க கரியர்ல பெரிய சவால் எது மேடம்?" என்று நீங்கள் கேட்கிறபோதெல்லாம் கோர்ட்டில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறேன். உண்மையான பதில் வேறு. ஓய்வு பெற்றுவிட்டேன், இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. பல்லாவரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து சற்று உள்ளே, ஷூவின் மேல்பாகம் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். வயது இருபத்தொன்பது. இரும்புலியூரில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் தனியாக இருந்தேன். நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். ரயில்வேயில் இருந்த அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே அண்ணன் துபாயில். அப்பாவின் அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. நாலு நாள் கழித்து வந்து, கல்லறையில் மாலை வைத்துவிட்டு, ஒரு வாரத்தில் திரும்பிப் போனான்.

ஸ்பெயினிலிருந்து கம்பெனிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கூடவே புது மெஷின்களும், அவற்றை ஓட்டக் கற்றுத்தர எட்டு மாத ஒப்பந்தத்தில் ஒரு டெக்னீஷியனும் வருவதாக ஏற்பாடு. அவருக்கு ஆங்கிலம் தெரியாதாம். மேனேஜர் டைப்பிங் செக்‌ஷனுக்கு வந்து, "யாராவது ஸ்பானிஷ் கத்துக்கறீங்களாம்மா? மூணு மாசம் டைம் இருக்கு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மற்றப் பெண்களுக்கு ஐந்தரை மணிக்கு மேல் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். எனக்குச் சாயங்காலங்கள் சும்மா கிடந்தன. கையைத் தூக்கினேன்.

நடைபாதைக் கடையில், ஆங்கிலம் வழியாக அன்றாடப் பேச்சு ஸ்பானிஷ் கற்றுத்தரும் ஒரு பாக்கெட் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. ஹோட்டலில், ரயில் நிலையத்தில், டாக்டரிடம், கடையில் என்று பாடங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார். நான் இரண்டு பேராகவும் பேசிப் பழகினேன். கேள்வியை ஜன்னல் பக்கம் நின்று கேட்பேன், பதிலை அடுப்பு பக்கம் வந்து சொல்வேன். ஒரு நாள் வீட்டுக்கார அக்கா கதவைத் தட்டினார்.

"யாரும்மா வந்திருக்காங்க? பேச்சுக்குரல் கேக்குதே."

"யாரும் இல்லக்கா. நான்தான் படிச்சிட்டிருக்கேன்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த மூன்று மாதமும் நான் அதிகமாகப் பேசியது அந்தப் புத்தகத்தோடுதான்.

டெக்னீஷியன் பெயர் ராமோன். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, முன்வழுக்கை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூடிரைவர். ஏர்போர்ட்டில் "நல்வரவு, பயணம் சௌகரியமாக இருந்ததா?" என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். ஸ்பானிஷ் தெரிந்த ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் மனிதர் மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். ஒரு சொல் புரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் புத்தகத்தில் அடுத்து இருந்த வாக்கியத்தையே சொன்னேன்: "ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும்?" அவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைப் போல, "தெஸ்... பா... சியோ," என்றார். மெதுவாக. அன்றிலிருந்து எனக்காக மெதுவாகவே பேசினார்.

ஃபேக்டரியில் அவர் ஒரே வாரத்தில் 'ராமன் சார்' ஆகிவிட்டார். கட்டிங் மெஷினில் இருந்த கன்னியப்பன் வைத்த பெயர். கன்னியப்பன் பீர்க்கன்கரணைக்காரர், முன்பு ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். என்னை 'மிஸ்' என்று கூப்பிடுவார். "மிஸ், இந்த பிளேடு இப்டி வச்சா தோலு கிழியுதுன்னு ராமன் சாராண்ட கேளு மிஸ்," என்பார். நான் பாதி புத்தகத்திலிருந்தும் பாதி கையாலும் கேட்பேன். ராமோன் பதில் சொல்வார். ஐந்து மாதத்தில் மெஷின் பேச்சு எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. கம்பெனியில் என் மதிப்பும் கூடியது. மத்தியானம் நானும் ராமோனும் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். சாப்பாடு எப்படி, வெயில் எப்படி, நாளைக்கு என்ன வேலை. அதற்கு மேல் எங்களிடம் சொற்கள் இல்லை. இரண்டு பேரும் பெரும்பாலும் சும்மாதான் சாப்பிட்டோம்.

ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணிக்கு அந்தத் தந்தி வந்தது. கம்பெனி விலாசத்துக்கு வந்ததால் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரும்மா," என்றார்.

ஆங்கில எழுத்துகளில் மூன்றே சொற்கள். கீழே 'கார்மென்' என்ற பெயர். அது அவருடைய அக்கா என்று எனக்குத் தெரியும். முதல் சொல் 'பாத்ரே'. அப்பா. இரண்டாவது சொல்லின் எழுத்துகள், ஆங்கிலத்தில் கல்லறைக்கு எழுதும் 'கிரேவ்' என்ற சொல்லின் அதே ஐந்து எழுத்துகள். மூன்றாவது, 'வென்'. அப்படி ஒரு சொல் என் புத்தகத்தில் இல்லை. ஸ்பானிஷில் வெள்ளிக்கிழமைக்கு 'வியெர்னெஸ்' என்று பெயர். தந்தியில் எழுத்து விழுங்குவது வழக்கம்தானே?

அப்பா. கல்லறை. வெள்ளி.

"அவங்க அப்பா இறந்துட்டார் சார். வெள்ளிக்கிழமை அடக்கம்," என்றேன்.

சொல்லும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தெரியாத சொல் ஒன்று, தெரிந்ததாக நினைத்த சொல் ஒன்று. தெரியாத சொல் என்னை நிறுத்தியிருக்க வேண்டும். தெரிந்ததாக நினைத்தது அதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். மழைக் காலத்தில் தையல் பெண்களைக் கம்பெனி வேனில் வீட்டுக்கு அனுப்பிவைப்பவர். ஆனால் சனிக்கிழமை காலை ஆர்டரைப் பார்வையிட ஸ்பெயின் கம்பெனியின் ஆள் வருகிறார். புது மெஷினில் இரண்டு இன்னும் சரியாக ஓடவில்லை. சரக்கு தேறாவிட்டால் ஆர்டர் போய்விடும், அந்த ஆர்டரை நம்பி எடுத்த பெண்கள் அத்தனை பேரையும் நிறுத்த வேண்டிவரும்.

"நல்லா யோசிச்சுப் பாரு ஸ்டெல்லா," என்றார். "இன்னிக்கே கிளம்பினாலும் பாம்பே போய், அங்கருந்து ஃப்ளைட் புடிச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள அவரால போய்ச் சேர முடியுமா? டிக்கெட்டே கிடைக்காது. போன உயிர் திரும்பி வரப்போறதில்ல. சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச உடனே நானே அவர்கிட்ட சொல்றேன். நானே டிக்கெட் போட்டுக் குடுக்கறேன். ரெண்டு நாள்தானே."

"தெரிஞ்சா வருத்தப்படுவார் சார்."

"வருத்தம் எப்பவும் வருத்தந்தாம்மா. அங்க மெஷின்ல இருக்கற பொண்ணுங்க பொழப்பையும் நீ பாக்கணும் இல்ல?"

எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது. அவனும்தான் அடக்கத்துக்கு வரவில்லை. நாலு நாள் கழித்துத்தான் வந்தான். என்ன குறைந்துவிட்டது? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன குறைந்தது என்று அண்ணனை நான் கேட்டதே இல்லை.

"சரி சார்," என்றேன். தந்தியை மேனேஜர் டிராயரில் வைத்துப் பூட்டினார்.

வியாழக்கிழமை மத்தியானம் ராமோன் சாப்பாட்டு மேஜையில் ஒரு கவரை என் பக்கம் தள்ளினார். ஊருக்கு எழுதிய கடிதம். ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் சேர்க்க முடியுமா என்று கேட்டார். இதற்கு முன்பும் நான் செய்து கொடுத்திருக்கிறேன். விலாசத்தைப் பார்த்தேன். அவருடைய அப்பாவுக்கு. அவர் இரண்டு கைகளையும் காதருகே வைத்து, முகத்தைச் சுளித்து, கிழவர் திட்டுவதைப் போல நடித்துக் காட்டினார். கடிதம் எழுதுவதே இல்லை என்று அப்பா கோபித்துக்கொள்கிறாராம். நானும் சிரித்துவைத்தேன். சிரித்தது எனக்கே கேட்டது. பிறகு போஸ்ட் ஆபீசுக்குப் போய், இறந்துவிட்டதாக நான் நம்பிய ஒருவருக்கான கடிதத்தில் ஸ்டாம்ப் ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், தாம்பரம் வரும்வரை நான் உட்காரவில்லை. இடம் இருந்தது. ஏனோ உட்காரத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை அவர் என்னைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். 'டாக்டரிடம்' என்ற பாடத்தில் வரும் கேள்விதான். "தலைவலி," என்றேன். அதுவும் அதே பாடத்தில் வரும் பதில்.

சனிக்கிழமை சரக்கு தேறிவிட்டது. பார்வையிட வந்தவர் பதினோரு மணிக்கெல்லாம் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினார். தையல் பெண்கள் கை தட்டினார்கள். மேனேஜர் ராமோனைத் தன் அறைக்கு அழைத்தார். நானும் போனேன். முந்தைய நாள் சாயங்காலம் முழுவதும் பழகிய வாக்கியத்தைச் சொன்னேன்: "லோ சியெந்தோ மூச்சோ." மிகவும் வருந்துகிறேன். தந்தியைக் கொடுத்தேன்.

அவர் படித்தார். துக்கம் வரும், நாற்காலியில் உட்காருவார், தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று டம்ளரை எடுத்து வைத்திருந்தேன். அவர் உட்காரவில்லை. "தெலிஃபோனோ," என்றார். "தெலிஃபோனோ, போர் ஃபவோர்." மேஜைமேல் இருந்த போனை அவரே எடுத்துவிட்டார்.

இறந்தவருக்காக ஏன் இவ்வளவு அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து, அவர் தந்தியின் இரண்டாவது சொல்லின் மேல் விரலை வைத்தார். "கிராவே," என்றார். பிறகு, "என்ஃபெர்மோ. மூய் என்ஃபெர்மோ."

நோயாளி. மிகவும் நோயாளி. 'டாக்டரிடம்' பாடத்தின் முதல் வரி.

மூன்றாவது சொல்லையும் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. கையை அசைத்து யாரையோ அழைப்பதைப் போலக் காட்டினார். என் புத்தகம் மரியாதையான பேச்சை மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தது. அதில் 'வெங்கா' என்று இருக்கும், 'வாருங்கள்'. தம்பிக்கு அக்கா 'வாருங்கள்' என்றா தந்தி அடிப்பாள்? 'வென்' என்றால் 'வா'. வாருங்கள் மட்டும் கற்றவளுக்கு வா தெரியவில்லை.

அப்பா கவலைக்கிடம், வா.

அவர் தந்திப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். தபால் முத்திரை மங்கலாக இருந்தது. "குவாந்தோ யெகோ?" என்றார். எப்போது வந்தது?

மேனேஜருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி யாருக்குத்தான் புரியாது? அவர் முகம் வெளிறிவிட்டது. தமிழில், தாழ்ந்த குரலில், "இன்னிக்குக் காலைலதான் வந்துச்சுன்னு சொல்லும்மா," என்றார். "ப்ளீஸ்."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் எதைச் சொன்னாலும் அதுதான் நடந்ததாக ஆகிவிடும். அந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. புதன்கிழமையும் அது என் கையில்தான் இருந்தது.

"மியெர்கோலெஸ்," என்றேன். புதன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விரல்விட்டு எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி, சனி. பிறகு போனை என்னிடம் நீட்டினார், நம்பர் கேட்டுப் போடு என்று.

அப்போதெல்லாம் வெளிநாட்டு அழைப்பை எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். சனிக்கிழமை அரைநாள் என்பதால் ஆபீஸ் காலியாகிவிட்டது. மேனேஜர் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்தார். கன்னியப்பன் டீ வாங்கி வந்து வைத்தார். "இன்னா மிஸ் ஆச்சு? சாரு மூஞ்சே செரியில்ல," என்று வாசலில் நின்று கேட்டார். சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

"காயிதத்த அவரு கையில குட்த்துட்டு வந்திருக்கலாம் இல்ல மிஸ்?" என்றார். "அது அவரு காயிதம்."

இத்தனை வருஷத்தில் நம் தொழிலைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் சொன்னதற்கு மேல் அங்கே எதுவும் கேட்டதில்லை. எனக்குப் புரிந்ததா இல்லையா என்பதே ஒரு பொருட்டாக இருந்திருக்காது. தந்தியை எடுத்துக்கொண்டு இருபது அடி நடந்து அவர் கையில் கொடுத்திருந்தால், படிக்கத் தெரிந்தவர் அவரே படித்துக்கொண்டிருப்பார்.

மூன்று மணிக்கு லைன் கிடைத்தது. ராமோன் இரண்டு கைகளாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டார். அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். "சி... சி..." என்றார். ஆமாம், ஆமாம். பிறகு ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு, வழக்கம்போல எனக்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "ஹுவெவெஸ். போர் லா நோச்சே."

வியாழன். இரவில்.

புதன்கிழமை மத்தியானமே அவர் கிளம்பியிருந்தால், பாம்பே போய், விமானம் பிடித்து, அங்கிருந்து ரயிலில் தன் ஊருக்குப் போய், வியாழக்கிழமை இரவுக்குள் சேர்ந்திருக்க முடியுமா? பல வருஷம் இந்த மணிக்கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். சில நாள் முடிந்திருக்கும் என்று வரும். சில நாள் முடிந்திருக்காது என்று வரும். முடிகிறதோ இல்லையோ, அதைப் போட்டுப் பார்க்க வேண்டியவர் அவர். அவருக்குப் பதிலாக நானும் மேனேஜரும் போட்டோம். அதுவும் தப்பான செய்தியை வைத்துக்கொண்டு.

மேனேஜர் நாற்காலியை இழுத்து ராமோன் எதிரே உட்கார்ந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "சொல்லும்மா. எங்களுக்கு ரொம்ப வருத்தம்னு சொல்லு. லேங்குவேஜ் ப்ராப்ளத்தால இப்படி ஆயிடுச்சுன்னு சொல்லு."

எனக்குத் தெரிந்த சொற்களை வைத்து அப்படியே சொன்னேன். மிகவும் வருந்துகிறோம். மொழி தெரியாததால் நடந்தது.

ராமோன் தலையை அசைத்தார். "எல் இதியோமா, நோ," என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

"மொழியால இல்லையாம் சார்."

டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

ராமோன் ஊருக்குப் போகவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி ஒப்பந்தம் முடிந்தே போகிறேன் என்றார். இன்னும் ஐந்து வாரம் இருந்தது. யாரிடமும் புகார் செய்யவில்லை. என்னிடம் ஒரு கடுமையான சொல் சொல்லவில்லை. காலையில் வணக்கம் சொல்வார், சாயங்காலம் வணக்கம் சொல்வார். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கட்டிங் செக்‌ஷனுக்குப் போய்விடுவார். அந்த மேஜையில் நான் தனியாகச் சாப்பிட்டேன். முன்பும் பேசாமல்தான் சாப்பிட்டோம். ஆனால் எதிரே ஒருவர் பேசாமல் இருப்பதும், யாருமே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்று அந்த ஐந்து வாரத்தில்தான் தெரிந்தது.

மெஷின் பக்கமும் என்னைக் கூப்பிடுவது நின்றுபோனது. ஒரு நாள் கன்னியப்பன் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "ராமன் சாரு இப்ப நம்ம கையில நேராவே பேசிக்கிறாரு மிஸ். 'நிறுத்துபா'ங்கறாரு. 'இன்னாபா இது'ங்கறாரு. நேத்து 'பேஜார் பண்ணாதபா'ன்னாரு, எல்லாம் சிரிச்சிட்டோம்." நானும் சிரிக்க முயன்றேன். நான் மூன்று மாதம் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்து கற்றதை, அவர் மனிதர்களுக்கு நடுவே நின்று மூன்று வாரத்தில் கற்றுவிட்டார்.

போன் பேசிய அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையே லீவு போட்டு ரயிலேறி, நகரத்தில் ஒரு பெரிய நூலகத்துக்குப் போனேன். ஸ்பானிஷ் அகராதி இருந்தது. 'கிராவே' என்ற சொல்லைத் தேட அரை நிமிஷம் ஆயிருக்கும். கடுமையான, ஆபத்தான, கவலைக்கிடமான. கல்லறை என்ற பொருளே அங்கே இல்லை. தாம்பரத்திலிருந்து அந்த நூலகத்துக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். புதன்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு கேட்டிருந்தால் மேனேஜர் கொடுத்திருப்பார். இப்போது உங்கள் சட்டைப்பையிலேயே அகராதி இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், தெரிந்த சொல்லைத்தான் முதலில் தேடிப் பாருங்கள். தெரியாததை எப்படியும் தேடுவீர்கள்.

இன்னொன்று. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கெட்டவர்கள் வந்து உங்களைப் பொய் சொல்லச் சொல்லமாட்டார்கள். நல்லவர்கள்தான் சொல்வார்கள். அவர்களிடம் நியாயமான காரணம் இருக்கும். நூறு பெண்களின் பிழைப்பு இருக்கும். 'ரெண்டு நாள்தானே' என்பார்கள். உங்களுக்கும் அவர்கள் மேல் பாசம் இருக்கும். அந்த ஆர்டரால் தையல் பெண்களின் வேலை நிலைத்தது என்பதும் உண்மை. அதை மறைக்க மாட்டேன். அவர்களில் சிலர் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றார்கள். ஆனால் ராமோனிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால், மெஷினைச் சரி செய்துவிட்டு அன்று சாயங்காலமே கிளம்பியிருக்கவும் கூடும். கேட்பதற்காகத்தானே என்னை வைத்திருந்தார்கள்?

ஆகஸ்ட் கடைசியில் அவர் கிளம்பினார். மத்தியான விமானத்தில் பாம்பே, அங்கிருந்து ஸ்பெயின். ஏர்போர்ட்டில் ஏதாவது பேச வேண்டிவரும் என்று மேனேஜர் என்னையும் காரில் அனுப்பினார். பல்லாவரத்திலிருந்து அது பத்து நிமிஷத் தூரம்தான். அந்தப் பத்து நிமிஷமும் அவர் ஒரு பக்க ஜன்னலையும் நான் மறு பக்க ஜன்னலையும் பார்த்துக்கொண்டு வந்தோம். பெட்டிகளை இறக்கி, சீட்டைச் சரிபார்த்து, உள்ளே போகும் வரிசைக்கு வந்தோம். அந்த வாசலுக்கு அப்பால் எனக்கு அனுமதி இல்லை. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, அகராதி வைத்துச் சரிபார்த்து, கைப்பையில் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. நின்றுகொண்டிருந்த ஒரு மனிதர் முன்னால் தாளைப் பார்த்துப் படிக்கவா?

"மன்னியுங்கள்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். ஐந்து வாரத்துக்குப் பிறகு, வணக்கத்தைத் தாண்டி என்னிடம் ஒன்று கேட்டார். பழையபடி மெதுவாக.

"விவே சோலா, உஸ்தெத்?"

தனியாகவா இருக்கிறீர்கள்?

எட்டு மாதம் ஒரே இடத்தில் வேலை செய்தோம், ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அதை அவரும் கேட்டதில்லை, நானும் அவரைக் கேட்டதில்லை. கேட்பதற்கான சொற்கள் இருவரிடமும் முதல் நாளே இருந்தன.

"சி," என்றேன். "சோலா."

அவர் தலையை ஆட்டினார். "யோ தம்பியேன்," என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஆவோரா."

நானும்தான். இப்போது.

அந்த ஊரில், அந்த வீட்டில், அவரும் அப்பாவும் மட்டும்தான் இருந்திருக்கிறார்கள். அக்கா வேறு ஊரில். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், பரிசோதனை முடிந்து, வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டிரைவரை அனுப்பிவிட்டு, திரிசூலம் ஸ்டேஷனுக்கு நடந்தேன். மத்தியான ரயில், கூட்டம் இல்லை. தாம்பரத்தில் இறங்கி, கறிகாய் வாங்கி, இரும்புலியூருக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணி. கைப்பையில் சாவியைத் துழாவினேன். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே நின்று, "யோ தம்பியேன்," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். உச்சரிப்பு சரியாகத்தான் வந்தது.